ஓகே என்று எழுதிய சீட்டு

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மருத்துவமனையின் லேபில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இருபது படுக்கை, ஒரு பிரசவ அறை, ஒரு ஆபரேஷன் தியேட்டர். மாடிப்படிக்குக் கீழே லேப். லேபுக்கு நான் ஒருத்திதான். காலையில் டவுணிலிருந்து பஸ் ஏறி வந்து வெள்ளைக் கோட்டு மாட்டினால் ஊசி குத்துவது, ரத்தம் எடுப்பது, பார்ப்பது, எழுதுவது, கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பது வரை எல்லாம் நான்தான்.

அந்த வேலையோடு என்மேல் ஒட்டிக்கொண்ட சொல் ஓகே. பயிற்சிக்குப் போன இடத்தில் எனக்கு மூத்தவர்கள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. தலையை நிமிர்த்தாமல், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், ‘ஓகே’. அப்படிச் சொல்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று தோன்றும். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். தயார் என்றாலும் ஓகே, கேட்டுவிட்டேன் என்றாலும் ஓகே, சேருகிறது, குறையில்லை, போகலாம், வருகிறேன், விடுங்கள் எல்லாவற்றுக்கும் ஓகே. வீட்டில் அம்மா அடிக்கடி எரிச்சல்படுவாள். “கடைக்குப் போய்ட்டு வாட்டின்னா ஓகேங்கா. போவியா மாட்டியான்னா அதுக்கும் ஓகேங்கா. இவட்ட எதைக் கேட்டு என்ன?”

எழுதும்போதும் அதுதான். சீட்டுகளின் முடிவுக் கட்டத்தில் ஆங்கிலத்தில் ஓகே என்று போடுவேன். பெரிய வட்டம் ஒன்று. பக்கத்தில் ‘கே’ எழுத்தை நெட்டாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று இரண்டே இழுப்பில் முடித்துவிடுவேன். வேகமாக எழுதுகிறேன் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

அது ஐப்பசி மாதம். இரண்டு நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அன்றைக்கு இரண்டு பேருக்கு ரத்தம் தேவைப்பட்டது. ஒருவர் மாடியில் ஏழாம் படுக்கையில் இருந்த பெரியவர். வயிற்றுப் புண் வெடித்து ரத்தமாக வாந்தி எடுத்து வந்தவர். அவருக்கு ஏ பாசிட்டிவ். அவருடைய தங்கை மகன் காலையிலேயே வந்து ரத்தம் கொடுத்துவிட்டார். அந்த ரத்தப் பையை மத்தியானத்துக்குள் பரிசோதித்து முடித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். சாயங்காலம் ஏற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இரண்டாவது, களக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த பெண். தலைப்பிரசவம். காலை பதினொரு மணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளை நன்றாக இருந்தது. ஆனால் நச்சுக்கொடி முழுதாக வரவில்லை. டாக்டர் கையை விட்டு எடுத்து முடிப்பதற்குள் நிறைய ரத்தம் போய்விட்டது. அவளுக்கு ஓ பாசிட்டிவ். அவள் கணவனுக்கும் அதே குரூப்தான். வாழை வைத்திருக்கிற ஆள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, “எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க” என்று பெஞ்சில் படுத்தான். எடுத்து முடித்து எழுந்தபோது அவனுக்கு லேசாகத் தலை சுற்றியது. கலர் குடிக்கச் சொல்லி வெளியே உட்காரவைத்தேன். மணி இரண்டே முக்கால்.

ஒரே குரூப் என்றாலும் உடனே கொடுத்துவிட முடியாது. நோயாளியின் ரத்தத்தில் மேலே தெளிந்து நிற்கும் சீரத்தில், கொடுப்பவரின் சிவப்பணுக்களைக் கலந்து, இளஞ்சூட்டில் அரைமணி நேரத்துக்கு மேல் வைத்து, பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அணுக்கள் தனித்தனியாக ஓடினால் அந்த ரத்தம் நோயாளிக்குச் சேரும். ரவை மாதிரி திட்டுத்திட்டாகக் கூடிக்கொண்டால் சேராது. அவன் கொடுத்த பை என் மேஜையில் இருந்தது. குழாய்கள் வெந்நீர்த் தொட்டியில் இருந்தன. நான் முன்னறையில் ஒரு சர்க்கரை நோயாளியின் கையில் நரம்பு கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பிரசவ அறை சிஸ்டர் ஓடி வந்தார். ஐம்பதை நெருங்கியவர். முப்பது வருஷ சர்வீஸ். எனக்கு அந்த மருத்துவமனையில் பஸ் நேரம் முதல் டாக்டரின் கோபம் வரை எல்லாம் சொல்லிக்கொடுத்தவர். நான் ஊசியோடு குனிந்திருந்தேன். அவர் எனக்குப் பின்னால் உள்ளறைக்குள் போவது காலடிச் சத்தத்தில் தெரிந்தது.

“ஏட்டி, ஓ பாசிட்டிவ் ரெடியா? பிரஷர் இறங்குது!”

“ஓகே சிஸ்டர்!” என்றேன் நான்.

கேட்டுவிட்டேன், இதை முடித்துவிட்டு வருகிறேன் என்ற பொருளில்தான் சொன்னேன். அவருக்கு அது ‘ரெடி’ என்று கேட்டது. ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் என் காதில் விழுந்திருக்க வேண்டும். விழுந்ததா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. நரம்பு கிடைத்துவிட்டது. ரத்தம் ஊசிக்குள் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்து முடித்த பைதான் ஃபிரிட்ஜுக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். அதில் இருந்தது ஒரே ஒரு பை. பெரியவருடையது. பையின் மேல் குரூப்பை மெழுகுப் பென்சிலால் எழுதியிருந்தேன். ஃபிரிட்ஜின் ஈரத்தில் அது அழிந்திருந்தது. அச்சடித்த லேபிள் தீர்ந்து இரண்டு நாளாயிற்று. அதனால் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி ரப்பர் பேண்டு போட்டிருந்தேன். சீட்டில் இரண்டே விஷயம். மேலே சின்னதாக ஏழு என்ற படுக்கை எண். கீழே பெரிதாக ஓகே. நான் போட்ட அந்த ‘கே’ பார்ப்பவர் கண்ணுக்குக் கூட்டல் குறியாகத் தெரிந்தது. ஓ, அதற்குப் பக்கத்தில் கூட்டல் குறி. அவர் தேடி வந்த குரூப்.

சர்க்கரை நோயாளியை அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். சிஸ்டர் இல்லை. பை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார், பார்த்து முடித்ததும் நாமே கொண்டுபோய்க் கொடுப்போம் என்று நினைத்துக்கொண்டேன். நேரம் ஆனதும் குழாய்களை எடுத்தேன். சொட்டை விட்டுப் பார்த்தேன். அணுக்கள் தனித்தனியாக ஓடின. நல்லபடியாகச் சேருகிறது. சீட்டு எழுதிப் பையில் மாட்டினேன். கைகழுவ வேண்டும், அதுவரை இதை உள்ளே வைப்போம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

தட்டு காலியாக இருந்தது.

அந்த வெள்ளைக் கம்பித் தட்டு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு நொடி, மாடிக்குக் கொண்டுபோயிருப்பார்கள், பெரியவருக்குச் சீக்கிரமே ஏற்றுகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பிறகு நான் உரக்கச் சொன்ன ஓகே ஞாபகத்துக்கு வந்தது.

பிரசவ அறை லேபிலிருந்து இருபதடி தூரம். இடையில் அவள் கணவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் ஓடுவதைப் பார்த்து எழுந்து, “எம்மா, என் ரத்தம்தான ஏறுது? போதுமா?” என்று கேட்டான். சிரித்த முகத்தோடு கேட்டான். நான் பதில் சொல்லாமல் கதவைத் தள்ளினேன்.

அவள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். பல் தந்தியடிக்கும் சத்தம் வாசலிலேயே கேட்டது. கம்பியில் பை தொங்கியது. சிஸ்டர் அவள் காலுக்கு இன்னொரு போர்வையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பிரசவம் முடிந்த பெண்களுக்கு நடுக்கம் வருவது சாதாரணம் என்பதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. பையைத் திருப்பிப் பார்த்தேன். நான் எழுதிய ஏழு.

நோயாளிக்குப் போகும் குழாயை நான் அதுவரை தொட்டதே கிடையாது. எங்கள் வேலை எடுப்பதோடு சரி. கொடுப்பதில் எங்களுக்குப் பங்கில்லை. அன்றைக்குக் கையை நீட்டிக் கிளாம்பை இறுக்கி மூடினேன்.

“என்னட்டி செய்யுதே?” என்றார் சிஸ்டர்.

“சிஸ்டர், இது ஏ. இது மாடிப் பெரியவருக்குள்ளது.”

அவர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஓ பாசிட்டிவ்னு போட்டிருக்கே.”

“ஓகேன்னு போட்டிருக்கேன் சிஸ்டர்.”

அவர் முகம் வெளுப்பதை நான் கண்ணால் பார்த்தேன். மறு நொடியே குழாயைக் கழற்றிக்கொண்டே, “டாக்டரைக் கூப்பிடு, ஓடு” என்றார். குரல் பதறவில்லை.

டாக்டர் வந்தார். அந்த மருத்துவமனை அவருடையதுதான். அறுபது வயது. சத்தம் போட்டுப் பேசாதவர். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சின்ன மருந்துக் கிளாஸ் அளவுக்குக் குறைந்திருந்தது. நிறையப் போகவில்லை. ஆனால் ஓ குரூப் உடம்புக்குள் ஏ ரத்தம் போனால் அந்த அளவே போதும். உடம்பு அந்த அணுக்களை உடைத்து நொறுக்கும். நொறுங்கியது முழுவதும் சிறுநீரகத்தில் போய்ச் சேரும். சிறுநீரகம் தாங்கினால் பிழைப்பாள். சிறுநீர் நின்றுபோனால் எங்கள் மருத்துவமனையில் அதற்கு வழி கிடையாது.

புதுக் குழாய், சலைன், ஊசிகள் என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல சிஸ்டர் செய்தார். சிறுநீர் போக ட்யூப் போட்டார்கள். கீழே கட்டியிருந்த பையில் முதலில் வந்தது கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “யார் எழுதின சீட்டு?”

பையிலிருந்து உருவிய சீட்டு என் கையில் இருந்தது. அதைக் கசக்கி கோட்டுப் பைக்குள் போட்டிருந்தால், மெழுகு எழுத்து அழிந்த பையை வைத்து யார் எதை நிரூபித்திருக்க முடியும் என்ற எண்ணம் அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது. வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. நீட்டினேன். “நான் எழுதினது டாக்டர். சிஸ்டர் ரெடியான்னு கேட்டதுக்கும் ஓகேன்னு நான்தான் சொன்னேன்.”

அவர் சீட்டைப் படித்தார். கொஞ்சம் தள்ளிவைத்து மறுபடியும் படித்தார். மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “இவளுக்கு இன்னும் ரத்தம் வேணும். சரியான பை எங்க?”

“லேபில் இருக்கு டாக்டர். பார்த்து முடிச்சிட்டேன்.”

“திரும்பப் பாரு. முதல்லருந்து. இவ குரூப்பையும் திரும்பப் பாரு. உன்னால முடியுமா, இல்ல வேற லேபுக்கு அனுப்பட்டுமா? முடியலைன்னா முடியலைன்னு சொல்லு.”

வேறு லேபுக்கு அனுப்பினால் மழையில் ஆள் போய் வர ஒரு மணி நேரம். “முடியும் டாக்டர்” என்றேன். அவள் கையிலிருந்து மறுபடியும் ரத்தம் எடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, “இடுப்பு கடுக்குது, இடுப்பு கடுக்குது” என்று முனகிக்கொண்டிருந்தாள்.

அந்த முக்கால் மணி நேரம் லேபில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தேன். ஒவ்வொரு குழாயிலும் பேரை முழுதாக எழுதினேன். ஒவ்வொரு சொட்டையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விட்டேன். ‘இது நோயாளி சீரம். இது கணவன் அணு.’ ஒரு முறை சொட்டு வெளியே விழுந்தது. அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தது என்னவென்று தெரிந்த பிறகும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. அணுக்கள் தனித்தனியாகத்தான் ஓடின. இருந்தும் இன்னொரு இடத்தில், இன்னொரு இடத்தில் என்று தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையைக் கொண்டுபோனபோது டாக்டர் வாசலில் நின்றார். “என்னாச்சு?”

வாய் பழக்கத்தில், “ஓ…” என்று ஆரம்பித்துவிட்டேன்.

“அதைச் சொல்லாத. என்ன பார்த்தே? அதைச் சொல்லு.”

“நோயாளி ஓ பாசிட்டிவ். ரெண்டு தடவை பார்த்தேன். பை ஓ பாசிட்டிவ். கொடுத்தது நோயாளியோட வீட்டுக்காரர். ரெண்டையும் சேர்த்துப் பார்த்ததில கூடிக்கிடல டாக்டர். எங்கயும் கூடிக்கிடல.”

“சிஸ்டர், பையில என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க” என்றார். சிஸ்டர் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். அதன் பிறகுதான் கம்பியில் மாட்டவிட்டார். முதல் கால்மணி நேரம் டாக்டரே பக்கத்தில் நின்று அவள் நாடியைப் பிடித்திருந்தார்.

பிறகு அவள் கணவனைக் கூப்பிட்டார். என்னையும் சிஸ்டரையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். வேறொருவருக்கு வைத்திருந்த ரத்தம் கொஞ்சம் உள்ளே போய்விட்டது, எங்கள் தவறு, நிறுத்திவிட்டோம், நாளை காலைக்குள் சிறுநீர் தெளிந்துவிட்டால் பயமில்லை, தெளியாவிட்டால் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்கு வண்டி சொல்லியாயிற்று. அவன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினான். அவர் முடித்ததும், “ஓகே டாக்டர்” என்றான். “ஓகே, ஓகே.”

டாக்டர் அவன் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். எனக்கு அவன் சொன்னதைக் கேட்டு ஒரு ஆறுதல் வந்தது. கோபப்படவில்லை, ஏற்றுக்கொண்டான் என்று நினைத்தேன்.

பத்து நிமிஷத்தில் அவன் லேபுக்கு வந்தான். கதவருகிலேயே நின்றான். ரத்தம் எடுத்த இடத்தில் நான் ஒட்டிய பஞ்சு இன்னும் அவன் முழங்கையில் இருந்தது.

“ஏம்மா, நான் அங்கன ஓகேன்னு சொல்லிட்டேன்லா.”

“ஆமா.”

“எதுக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியல. டாக்டரு பேசி நிறுத்தினாங்க. நம்ம பங்குக்கு ஏதாவது சொல்லணும்லா. அதான் வாயில வந்துது.” கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். “நான் அப்படிச் சொன்னதால, நடந்ததுக்கு நான் ஒத்துக்கிட்டதா ஆயிருமா? அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவ புருசன் ஓகே சொல்லிட்டான்னு எழுதி வச்சிருவீங்களா?”

“ஆகாது” என்றேன். “யாரும் அப்படி எழுத மாட்டாங்க. நீங்க ஒத்துக்கிடவேண்டிய விஷயமே இல்ல. தப்பு எங்க மேலதான். அந்தச் சீட்டை எழுதினது நான்.”

அவன் ஒரு எட்டு உள்ளே வைத்தான். கையை ஓங்குவானோ என்றுகூடத் தோன்றியது. “நீதானா?” என்றான். பிறகு, “என் ரத்தம் ஏறுதான்னு கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லாம ஓடினே” என்றான். திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை.

அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து அம்மாவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். மணிக்கு ஒரு தடவை சிறுநீரைக் குழாயில் எடுத்து, தேதியும் நேரமும் எழுதி, ஜன்னலோரம் வரிசையாக நிறுத்திவைத்தேன். மாடிப் பெரியவருக்கு ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒரு அண்ணாச்சி வந்து ரத்தம் கொடுத்தார். அதையும் பார்த்து முடித்தேன். விடிந்து வெளிச்சம் வந்தபோது வரிசையைப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் கருப்பட்டிக் காப்பி. அடுத்தடுத்து சிவந்து, மஞ்சளாகி, கடைசிக் குழாய் இளநீர் மாதிரி தெளிந்திருந்தது. டாக்டர் வந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மதுரை வண்டி வேண்டாம் என்று போன் செய்யச் சொன்னார். நான் டெஸ்ட் ட்யூப் ஸ்டாண்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

சிஸ்டருக்கும் எனக்கும் இடையில் அடுத்த மூன்று நாள் சரியாக இல்லை. எதிர்ப்பட்டால் விலகிப் போனோம். ஒரு தடவை பாத்திரம் கழுவுமிடத்தில் அவராகவே ஆரம்பித்தார். “நான் ரெடியான்னு கேட்டேன். நீ ஓகேன்னே.”

“வாறேன்னு அர்த்தத்துல சொன்னேன் சிஸ்டர்.”

“அதை எனக்கு எப்படித் தெரியும்?”

“படுக்கை நம்பர் போட்டிருந்தேனே. பார்த்திருக்கலாம்லா.”

சொன்ன பிறகுதான் எவ்வளவு கூர்மையாகச் சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் குழாயை மூடினார். “பார்த்திருக்கலாம்” என்றார். ஈரக் கையோடு அப்படியே போனார். முப்பது வருஷத்தில் அவர் எத்தனை பிள்ளைகளை உயிரோடு எடுத்துக் கொடுத்திருப்பார். அது எதுவும் அந்த நேரத்தில் அவருக்கு உதவவில்லை.

நாலாம் நாள் காலை அந்தக் களக்காட்டுப் பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை எழுதியிருந்தார்கள். தட்டை எடுத்துக்கொண்டு அவள் படுக்கைக்குப் போனேன். பிள்ளை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் இன்னும் வெளுத்திருந்தாலும் கண்ணில் தெளிவு இருந்தது. என்னை விட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள்.

“நீங்கதான அன்னைக்கு ஓடி வந்தது?” என்று கேட்டாள். “எதுக்கு ஓடி வந்தீங்க?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் கணவனுக்குச் சொன்னோம். நாங்கள் எங்களுக்குள் ஆயிரம் தடவை பேசிவிட்டோம். யார் உடம்புக்குள் போனதோ அவளிடம் யாருமே சொல்லவில்லை. டாக்டர், கொஞ்சம் தேறட்டும் என்று தள்ளிவைத்திருக்கலாம். கணவனுக்கு வாய் வராமல் இருந்திருக்கலாம். நானும் டாக்டரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தட்டைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டில் என்ன எழுதியிருந்தேன், சிஸ்டர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், எவ்வளவு உள்ளே போனது, எத்தனை குழாய் வைத்துப் பார்த்தோம்.

அவள் குறுக்கிடாமல் கேட்டாள். முடித்ததும் பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள். பிறகு பேசியபோது குரல் நடுங்கியது. பயத்தில் வந்த நடுக்கம் இல்லை அது.

“நான் அப்பவே சொன்னேன். குளுருது, இடுப்பு கடுக்குதுன்னு சொன்னேன். அந்தப் பை மாட்டின ஒடனேயே சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். அந்த சிஸ்டர் ‘ஓகே, ஓகேம்மா’ன்னு போர்வையை இழுத்து விட்டாங்க. சரி, எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் போலன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்.” கண்ணைத் துடைத்தாள். “நான் இன்னும் சத்தமா கத்தியிருக்கணும், இல்லையா?”

“இல்ல” என்றேன். “நீங்க கத்த வேண்டிய அவசியமே இருந்திருக்கக் கூடாது.”

மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். அவள் பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். “வேற ஆளை அனுப்பச் சொல்லட்டுமா? வெளி லேபிலிருந்து வருவாங்க.”

அவள் யோசித்தாள். பிறகு கையை நீட்டினாள். “நீங்களே குத்துங்க. ஆனா எதுக்கு எடுக்கீங்கன்னு சொல்லிட்டுக் குத்துங்க.”

எவ்வளவு எடுக்கிறேன், அதில் என்ன பார்ப்பேன், எப்போது முடிவு வரும் என்று சொன்னேன். கேட்டுவிட்டு, “ம்” என்றாள். குத்தினேன்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டேன் என்று போய்ச் சொன்னதும் டாக்டர், “நான் சொல்லியிருக்கணும்” என்றார். அவளிடம் சிஸ்டர் சொன்ன அந்த ஓகே பற்றிச் சிஸ்டரிடம் நான் சொல்லத் தயங்கினேன். பழி தீர்க்கிறேன் என்று நினைப்பாரோ என்று இருந்தது. மத்தியானம் வரை தள்ளிப்போட்டுவிட்டுச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த டப்பாவை மூடினார். “அப்படியா சொன்னா? ரெண்டு தடவையா?” என்று கேட்டார். “எனக்கு ஞாபகமே இல்லட்டி. சத்தியமா ஞாபகமே இல்ல.” அதுதான் அவரை அதிகமாக வாட்டியது என்று நினைக்கிறேன்.

எட்டாம் நாள் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். மழை விட்டிருந்தது. கணவன் வாசலில் கார் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். சிஸ்டர் அன்றைக்கு வேலை நேரம் முடிந்தும் போகாமல் இருந்தார். அவள் படுக்கைக்குப் போய், பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். பிறகு எல்லோரும் கேட்கும்படியாகவே, “நீ கடுக்குதுன்னு சொன்னப்ப நான் காதுல வாங்கல தாயி. தப்பு” என்றார். வார்டில் இருந்த மற்றப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். துணைக்கு இருந்த அவள் அம்மா பதறிப்போய், “விடுங்கம்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுல்லா” என்று சிஸ்டரின் கையைப் பிடித்தாள்.

அவள் தன் அம்மாவைத் தடுத்தாள். “ஒண்ணுமில்லைன்னு சொல்லாதீங்கம்மா” என்றாள். சிஸ்டரைப் பார்த்து, “அடுத்து வாறவ சொன்னா காது குடுத்துக் கேளுங்க சிஸ்டர்” என்றாள். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, பையப் பைய நடந்து வெளியே போனாள்.